பழைய ஆட்டம் திரும்புமா? டெரிக் ஸ்டிங்லியை முன்வைத்துத் தற்காப்பு வீரரின் மீட்சி குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்கக் கால்பந்தில் கார்னர்பேக் என்பவர் எதிரணியின் ரிசீவரோடு ஒட்டி ஓடி, குவார்ட்டர்பேக் எறியும் பந்து அவர் கைக்குச் சேராமல் தடுக்க வேண்டியவர். எந்தப் பக்கம் ஓடப்போகிறோம் என்பது ரிசீவருக்குத் தெரியும், கார்னர்பேக்குக்குத் தெரியாது. முதல் சில அடிகளைப் பின்னோக்கி ஓடி, எதிராளியின் இடுப்பு திரும்பும் கணத்திலேயே தானும் திரும்பி, விட்ட தூரத்தை ஓரிரு நொடிக்குள் ஈடுகட்ட வேண்டும். இந்த இடத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 2019இல் ஆடிய டெரிக் ஸ்டிங்லி ஜூனியர், 18 வயதில், முதலாண்டு மாணவராகவே தேசத்தின் தலைசிறந்த கல்லூரி வீரர்களின் வரிசையில் சேர்க்கப்பட்டார். 15 ஆட்டங்களில் 6 பந்துகளை இடைமறித்துப் பிடித்தார். மேலும் 15 பந்துகளைத் தட்டிவிட்டார். அவருடைய அணி 15 ஆட்டங்களிலும் வென்று தேசியப் பட்டத்தைக் கைப்பற்றியது. அடுத்த இரண்டு பருவங்களிலும் சேர்த்து அவர் ஆடியவை 10 ஆட்டங்கள் மட்டுமே; அவற்றில் ஒரு பந்தைக்கூட அவர் இடைமறிக்கவில்லை. பழைய ஆட்டம் இவருக்குத் திரும்புமா என்ற கேள்வி அப்போதுதான் வலுத்தது. அந்தக் கேள்வி தவறான இடத்தில் நின்று கேட்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். தற்காப்பு வீரரின் ‘ஃபார்ம்’ என்று ஒரே சொல்லில் நாம் குறிப்பது ஒரே பொருள் அன்று. கற்ற திறனும், அதைச் சுமக்கும் உடலும், சுற்றி நிற்கும் அணியும், எதிராளி விரும்பியோ விரும்பாமலோ தரும் வாய்ப்பும் கலந்தே அது எண்ணாகப் பதிவாகிறது. எண் சரிந்த அளவுக்குத் திறனும் சரிந்தது என்று கொள்வதற்கு முன், இவற்றில் எது இழக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

எண்ணிலிருந்தே தொடங்கலாம். இடைமறிப்பு அரிதாக நிகழ்வது. அரிதாக நிகழ்வதைக் குறைந்த ஆட்டங்களில் எண்ணும்போது தற்செயலின் பங்கு பெரிதாகிவிடும். 15 ஆட்டங்களில் 6 என்றால் ஆட்டத்துக்கு 0.4. அந்த வீதம் மாறாமல் நீடித்திருந்தால் அடுத்த 10 ஆட்டங்களில் 4 இடைமறிப்புகளை எதிர்பார்க்கலாம். பாய்சான் பரவலின்படி 4ஐ எதிர்பார்க்கும் இடத்தில் ஒன்றுகூட வராமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 1.8 விழுக்காடு. ஆகவே எல்லாம் அதிர்ஷ்டம்தான் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் 2019இன் உச்சத்தையே அவருடைய இயல்பான வீதமாக எடுத்துக்கொண்டது சரிதானா? ஒரு பருவத்தில் உச்சம் தொட்டவரைத்தான் நாம் தேடிப் பிடித்துப் பேசுகிறோம். அந்த உச்சத்தில் நல்வாய்ப்பின் பங்கு இருந்தே தீரும். அடுத்த அளவீடு சராசரியை நோக்கி இறங்குவதே இயல்பு. அவருடைய உண்மையான வீதம் அதில் பாதியே என்று கொண்டால், 10 ஆட்டங்களில் ஒன்றும் கிடைக்காமல் போவதற்கான வாய்ப்பு 13.5 விழுக்காடு, அதாவது ஏழில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அது அதிசயம் ஒன்றுமில்லை. ஆக, பூச்சியம் என்ற அந்த எண் தன்னளவில் எதையும் நிறுவவில்லை. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தை மட்டும் எழுப்புகிறது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்னர்பேக்கின் மிகப் பெரிய வெற்றி புள்ளிவிவர அட்டவணையில் ஏறுவதே இல்லை. அவர் காவல் நிற்கும் பக்கம் பந்தை எறியவே குவார்ட்டர்பேக் அஞ்சினால், பிடிப்பதற்குப் பந்து எங்கிருந்து வரும்? கிரிக்கெட் மட்டையாளருக்குப் பந்துகள் வந்தே தீரும். புகழ்பெற்ற கார்னர்பேக்குக்கு அந்த உறுதி கிடையாது.

இனி, சூழல். 2019இன் லூசியானா அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 48 புள்ளிகளுக்கு மேல் குவித்தது. ஜோ பர்ரோ எறிய, ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் பிடித்தார்கள். இந்தத் தாக்குதல் வலிமைக்கும் தற்காப்பு வீரரின் கணக்குக்கும் உள்ள தொடர்பு எளிதில் கண்ணில் படுவதில்லை. பின்தங்கிய அணிக்குப் பந்தைத் தூக்கிக்கொண்டு மெல்ல முன்னேற நேரம் இராது. எறிந்தே தீர வேண்டும். அப்படி அவசரத்தில் எறியப்படும் பந்துகளே இடைமறிப்பவருக்கு விளைநிலம். மறுபக்கத்தில் கிறிஸ்டியன் ஃபுல்டன் இருந்தார். பின்வரிசையில், அந்த ஆண்டு சிறந்த பின்வரிசைத் தற்காப்பு வீரருக்கான ஜிம் தோர்ப் விருதை வென்ற கிராண்ட் டெல்பிட் இருந்தார். எனவே ஸ்டிங்லியை விட்டு விலகி எறிவதும் குவார்ட்டர்பேக்குகளுக்கு எளிதாக இல்லை. அன்றாடப் பயிற்சியில் அவர் எதிர்கொண்டது சேஸையும் ஜெஃபர்சனையும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பள்ளிக்கூடம் வேறெந்தக் கல்லூரியிலும் கிடைத்திராது. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2020 தேர்வில் மட்டும் இந்த அணியிலிருந்து 14 பேர் போனார்கள். தற்காப்புப் பயிற்சியாளர் டேவ் அராண்டா பேய்லர் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகச் சென்றார். அவர் இடத்துக்கு வந்த போ பெலினி வேறொரு அமைப்பைக் கொண்டுவந்தார். அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய வசந்தகாலப் பயிற்சியைக் கொரோனா விழுங்கிவிட்டது. பருவத்தின் முதல் ஆட்டத்தில் மிசிசிப்பி மாநில அணியின் குவார்ட்டர்பேக் 623 கெஜம் எறிந்து, இரு அணிகளும் சேர்ந்திருந்த கல்லூரிக் கூட்டமைப்பின் வரலாற்றிலேயே புதிய சாதனை படைத்தார். உடல்நலமின்றி ஸ்டிங்லி ஆடாத ஆட்டம் அது. பருவ முடிவில் அணியின் கணக்கு 5 வெற்றி, 5 தோல்வி. மூழ்கும் கப்பலில் ஒருவரின் நீச்சலை அளந்து, போன ஆண்டு கரையோரம் நீந்திய வேகத்தோடு ஒப்பிட்டால் கிடைப்பது என்ன அளவு?

மூன்றாவது, உடல். என் பார்வையில் தீர்ப்பைத் தாங்கி நிற்பது இதுதான். 2021இல் ஸ்டிங்லிக்கு நேர்ந்தது லிஸ்ஃபிராங்க் காயம். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜாக் லிஸ்ஃபிராங்கின் பெயரைத் தாங்கிய இந்த மூட்டு நடுப்பாதத்தில் இருக்கிறது. பெருவிரலுக்கு அடுத்த விரலின் நீண்ட பாத எலும்பு அங்கே குறும்பாத எலும்புகளுக்கு இடையே ஆப்புப் போல் செருகி நிற்கிறது. அதை இடத்தில் இறுக்கிப் பிடிப்பது ஒரு சிறிய, உறுதியான தசைநார். பாதத்தின் வளைவை வில்லாக நிறுத்துவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நேராக ஓடுபவருக்கே அது தளர்ந்தால் வலிக்கும். பின்னோக்கி ஓடிக் குதிகாலை நிலத்தில் படவிடாமல் முன்பாதத்தில் நின்று திரும்பி உந்தும் கார்னர்பேக்குக்கோ அவருடைய தொழிலே அந்த வில்லில்தான் இருக்கிறது. ஆனால் காயத்தின் தன்மையைப் பார்க்க வேண்டும். இது நரம்பைத் தொடவில்லை, தசையைத் தின்னவில்லை. அறுவை சிகிச்சையில் எலும்புகள் சரியான இடத்தில் நிறுத்தப்பட்டு, ஆறுவதற்குப் போதிய மாதங்களும் கிடைத்தால், இழந்த உந்துவிசை திரும்பிவரும் வாய்ப்பு மெய்யானது. 2022 ஏப்ரலில் தொழில்முறை அணிகளின் முன் ஸ்டிங்லி மீண்டும் ஓடிக் காட்டினார். அந்த மாத இறுதியில் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அவரை ஒட்டுமொத்தத்தில் மூன்றாவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. இரண்டாண்டுப் பூச்சியத்தைப் பார்த்து ரசிகர்கள் கவலைப்பட்டபோது, அந்த அணி பார்த்தது 2019இன் கால்களையும் அதே கால்கள் ஆறிய விதத்தையும்.

அந்தக் கணிப்பு உடனே பலிக்கவில்லை. 2022இல் தொடைத் தசைக் காயத்தால் 9 ஆட்டங்களோடு பருவம் முடிந்தது. ஒரே ஒரு இடைமறிப்பு. அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் லவ்வி ஸ்மித்தின் அமைப்பு பரப்பைக் காக்கும் முறையை நம்பியது. ஸ்டிங்லியின் தனிச்சிறப்போ ஆளோடு ஆளாக ஒட்டி நிற்பதில் இருந்தது. அணியும் 3 ஆட்டங்களில்தான் வென்றது. 2023இல் டிமெக்கோ ரயன்ஸ் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். எதிரணிக் குவார்ட்டர்பேக்கை நெருக்கிப் பதறவைக்க வில் ஆண்டர்சன் வந்தார். அந்தப் பருவத்திலும் தொடைத் தசை காயப்பட்டு ஸ்டிங்லி 6 ஆட்டங்களை இழந்தார். ஆனால் ஆடிய 11இல் 5 இடைமறிப்புகள். 2024இல் 17 ஆட்டங்களையும் முழுமையாக ஆடி 5 பந்துகளை இடைமறித்தார். அந்த ஆண்டின் தேசியச் சிறப்பணியின் முதல் வரிசையில் இடம்பெற்றார். இரண்டு பருவங்களையும் சேர்த்தால் 28 ஆட்டங்களில் 10, அதாவது ஆட்டத்துக்கு 0.36. கல்லூரி முதலாண்டின் 0.4க்கும் இதற்கும் உள்ள இடைவெளி மிகச் சிறிது. இந்த ஒற்றுமையைச் சான்றாக அளவுக்கு மீறி நீட்ட நான் விரும்பவில்லை. கல்லூரி ஆட்டமும் தொழில்முறை ஆட்டமும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. மேலே நான் எழுப்பிய தற்செயல் பற்றிய எச்சரிக்கை இந்த 10க்கும் பொருந்தும். ஆனால் இடையில் வந்த 19 ஆட்டங்களில் ஒரே ஒரு இடைமறிப்பு என்ற கணக்கை இருபுறமும் வைத்துப் பார்த்தால், திறன் நடுவில் மறைந்து மீண்டும் முளைத்தது என்பதைவிட, அது எங்கும் போகவில்லை, அதைத் தாங்க உடலும் பயன்படுத்த அமைப்பும் இல்லாதிருந்தன என்ற விளக்கமே குறைந்த அனுமானங்களை வேண்டுவது.

வெற்றி பெற்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு விதி வகுக்கலாமா என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்பு அது. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் இஃபோ எக்ப்ரே ஓலோமுவும் கார்னர்பேக்தான். தேசியச் சிறப்பு வீரர்தான். 2014 டிசம்பரில் பயிற்சியின்போது முழங்கால் சிதைந்தது. முதல் சுற்றில் போவார் என்று பேசப்பட்டவர் கடைசிச் சுற்றில் 241ஆவதாகத் தேர்வானார். தொழில்முறையில் ஒரு பருவ ஆட்டம்கூட ஆடவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சிட்னி ஜோன்ஸுக்கு 2017 மார்ச்சில், அணிகளின் முன் ஓடிக்காட்டும் நாளிலேயே குதிகால் நாண் அறுந்தது. பிறகு பல அணிகளில் ஆடினாலும் கல்லூரியில் காட்டிய உறுதியை அவர் எட்டவில்லை. இவை என் வாதத்தைக் குலைப்பதாக நான் கருதவில்லை. அதன் எல்லையை வரைகின்றன. எது இழக்கப்பட்டது என்பதே கேள்வி என்றால், சில இழப்புகள் திரும்பாதவை என்பதும் அதில் அடக்கம். இதைவிடக் கூர்மையான சோதனை நோட்டர் டேமின் ஜெய்லன் ஸ்மித். 2015இன் தலைசிறந்த லைன்பேக்கருக்கான (நடுவரிசைத் தற்காப்பு வீரருக்கான) பட்கஸ் விருதை வென்ற அவருக்கு 2016 புத்தாண்டு நாள் ஆட்டத்தில் முழங்காலின் தசைநார்கள் கிழிந்ததோடு, பாதத்தைத் தூக்கும் நரம்பும் பாதிக்கப்பட்டது. ஓராண்டு முழுவதும் ஆடவில்லை. 2017இல் பாதத்தைத் தாங்கும் கருவியை அணிந்துகொண்டு ஆடினார். நரம்பு மெல்லத் தேறியபோது ஆட்டமும் அதே வேகத்தில்தான் தேறியது. 2019இல் சிறப்பாட்டத்துக்கு அழைக்கப்பட்டார். மனவுறுதி ஒன்றே மீட்சியைத் தந்திருந்தால் 2017இலேயே அது வந்திருக்க வேண்டும். நரம்பு எந்த வேகத்தில் வளர்ந்ததோ அந்த வேகத்தில்தான் ஆட்டமும் வளர்ந்தது.

மனத்தைப் பற்றிய மறுப்பு இன்னொரு வடிவத்திலும் வருகிறது. 2021இல் ஸ்டிங்லி கல்லூரிக்காக உடலை வருத்திக்கொள்ள விரும்பவில்லை, தொழில்முறைச் சம்பளத்துக்காகத் தம்மைக் காத்துக்கொண்டார் என்ற குறை பேசப்பட்டது. இதற்குச் சான்று கேட்டால், அவர் ஆடவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் காட்டப்படுவதில்லை. லிஸ்ஃபிராங்க் காயத்தோடு ஓடாதிருந்தவரைச் சோம்பேறி என்று சொல்ல மருத்துவத்தில் இடமில்லை. அவர் தம் உடலை எண்ணிப் பார்த்திருந்தாலும் அது குற்றமாகாது. அவருடைய தாத்தா டாரில் ஸ்டிங்லி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் ரிசீவர். 1978 ஆகஸ்ட் 12 அன்று, வெற்றி தோல்வி கணக்கில் சேராத ஒரு முன்பருவ ஆட்டத்தில், தாவிப் பந்தைப் பிடிக்க முயன்றபோது ஒரு தற்காப்பு வீரர் மோதியதில் கழுத்தெலும்பு முறிந்தது. 2007இல் இறக்கும்வரை அவரால் மீண்டும் நடக்க முடியவில்லை. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ரிசீவர்களோடு மோதும் இடத்தையே தேர்ந்துகொண்டு ஆடியது எனக்கு வியப்பையும் மரியாதையையும் தருகிறது. கூலியில்லாமல் ஆடவைக்கப்பட்ட மாணவர்களின் துணிச்சலை இருக்கையில் அமர்ந்து அளக்கும் உரிமை நமக்கு உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எஞ்சியிருப்பது காலம் பற்றிய கேள்வி. இதில் என் பதில் ரசிகர்களின் ஏக்கத்துக்கு ஆறுதல் தராது. உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்றாண்டு கடந்த வீரர் தொழில்முறைத் தேர்வுக்குத் தகுதி பெறுகிறார். சிறந்தவர்கள் அதற்குமேல் கல்லூரியில் தங்குவது அரிது. ஸ்டிங்லிக்குக் கல்லூரியில் கிடைத்த நேரம் மூன்று பருவங்கள். அதில் ஒன்றைப் பெருந்தொற்றும் சிதைந்த அணியும் விழுங்கின. அடுத்ததைப் பாதத்தின் தசைநார் எடுத்துக்கொண்டது. நடுப்பாதம் ஆற வேண்டிய மாதங்களும் புதிய அமைப்புக்குப் பழக வேண்டிய பருவமும் சேர்ந்து அந்தச் சிறிய காலத்துக்குள் அடங்கவில்லை. 2025 மார்ச்சில் ஹூஸ்டன் அவரோடு ஆண்டுக்கு 3 கோடி டாலர் வீதம் மூன்றாண்டுக்குப் புதிய ஒப்பந்தம் செய்தபோது, அந்த இடத்தில் ஆடும் எவரும் அதுவரை பெறாத தொகை அது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், சார்ஜர்ஸ் அணிக்கு எதிரான வெளியேற்றச் சுற்று ஆட்டத்தில், பருவம் முழுவதும் 3 பந்துகளை மட்டுமே இடைமறிக்கவிட்ட குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட்டிடமிருந்து ஒரே நாளில் இரண்டு பந்துகளை இடைமறித்திருந்தார். அப்படிப்பட்ட ஆட்டத்தை 2020இலும் 2021இலும் எதிர்பார்த்துக் காத்திருந்தது அவருடைய பல்கலைக்கழகம் அமைந்த பேட்டன் ரூஜ். அந்த ஊரில்தான் அவர் பிறந்தார். அந்த ஊர் அரங்கில்தான் பெயர் பெற்றார். மீண்டு வந்த ஆட்டத்தை அந்த ஊர் தொலைக்காட்சியில்தான் பார்த்தது.