மூன்றாவது பொத்தான்

2004இல் வெளிவந்து 2021இல் புதுப்பிக்கப்பட்ட 'ரோம்: ரோட்டல் வோர்' கணினி விளையாட்டில் எகிப்தியப் படை பிழை என்று என் மகனும் கூட்டாளிகளும் குறை சொல்வார்கள். கதை தொடங்கும் கி.மு. 270இல் எகிப்தை ஆண்டது மாசிடோனிய வழிவந்த தொலமி வம்சம். விளையாட்டிலோ பாரோ காலத்து உடை. நியாயமான குறைதான்.

எனக்கு உறுத்தியது வேறு. நகரைப் பிடித்ததும் மூன்று தெரிவுகள் வரும்: கைப்பற்று, அடிமையாக்கு, அழித்துவிடு.

"அழித்தால் கலகம் வராது, காசும் கூட வரும் அப்பா" என்றான்.

கி.மு. 146இல் ரோமர் கார்த்தேஜை எரித்தபோது சரணடைந்தோர் சுமார் 50,000 பேர் என்று அப்பியன் எழுதினார். அவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பிடிபட்ட ஊரிலிருந்து ஒரு பையோடு வெளிக்கிட்டவன் நான் என்று மகனுக்கு அன்றுதான் சொன்னேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.