கண்டிச் சீமையா, ரங்கூனா, பினாங்கா?

பிழைப்புத் தேடிக் கடல் கடப்பவன் எந்த நாட்டுக்குப் போவது என்பதைத் தானே எண்ணித் துணிகிறான் என்று நாம் இலகுவிற் கருதிவிடுகிறோம். பிரித்தானிய அரசாங்கத்தின் அறிக்கைகளும் அவ்வாறே கருதின. மொறிசியஸுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தத்திற் கட்டுண்டு சென்றவர்களிலிருந்து வேறுபடுத்தி, இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்ற தென்னிந்தியத் தொழிலாளரைச் சுயேச்சையாகக் குடிபெயர்ந்தோர் என அவை வகைப்படுத்தின. இச் சுயேச்சை எத்தகையது? நாட்டைத் தெரிவு செய்தவர் யார்? இக் கேள்விகளுக்கு விடை காணாமல் மலைநாட்டுத் தமிழரின் வரலாற்றையோ மலாயாத் தமிழரின் வரலாற்றையோ சரிவர எழுத முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழகக் கிராமத்தை முதலில் நோக்குவோம். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், இராமநாதபுரம், ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களில் நிலமற்ற பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக மிராசுதாருக்குக் கடன்பட்டுக் கிடந்தனர். தாது வருஷப் பஞ்சம் என மக்கள் இன்றும் நினைவு கூரும் 1876 - 78 ஆம் ஆண்டுப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. ஊரில் இருந்தால் மரணம், ஊரை விட்டால் உயிர் தப்பக்கூடும் என்ற நிலையிலிருந்தவனுக்கு முன்னாலேதான் உலகப்படம் விரிக்கப்பட்டது என்று சொல்லலாம். அவன் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை என்பது வேறு விடயம்.

பிரித்தானியப் பேரரசில் 1834 இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் அந்த ஆண்டே மொறிசியஸுக்கு இந்தியக் கூலிகளைக் கொண்டுவரத் தொடங்கினர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் இந்தியர் வரலாறு அத்துடன் தொடங்குகிறது. பிஜித் தீவுக்கு 1879 முதல் கல்கத்தாவிலிருந்தும், 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆட்கள் சென்றனர். இவையெல்லாம் ஐந்தாண்டு ஒப்பந்தங்கள். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் அம் மக்களின் நாவில் 'கிரிமிட்டு' ஆயிற்று. நேட்டாலில் முதலாண்டு மாதச் சம்பளம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். அத்துடன் முடிந்ததா? 1895 ஆம் ஆண்டின் சட்டம், அதன்பின் வருவோர் ஒப்பந்தம் தீர்ந்ததும் ஊர் திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தம் எழுதாமலும் அங்கே வாழ விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுண் வரி கட்டவேண்டும் என்றது. 3 பவுண் என்பது 60 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டுத் தொழிலாளியின் நாலு மாதச் சம்பளத்துக்கும் மேல். 1913 இல் நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஆயிரமாயிரம் தொழிலாளர் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தது இந்த வரியை எதிர்த்துத்தான். அடுத்த ஆண்டு அது நீக்கப்பட்டது. காந்தியடிகளின் பெயரோடு மட்டுமே இப் போராட்டத்தைச் சேர்த்துப் பேசுவோர், சிறைசென்ற தமிழ்த் தொழிலாளரையும் அவர்தம் பெண்டிரையும் மறந்துவிடுகின்றனர்.

அண்டை நாடுகளின் கதை வேறு வகையானது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் சேர்த்தவன் பெரும்பாலும் கங்காணி, பர்மாவுக்கு மேஸ்திரி. கங்காணி அந்நியன் அல்லன். அதே ஊரில் பிறந்து, முன்னர் கடல் கடந்து சென்று, தோட்டத்துரையின் பணத்தோடும் புதுத் தலைப்பாகையோடும் திரும்பி வந்தவன். பல சமயம் மாமனோ மைத்துனனோ முறையினன். அவன் கண்டிச் சீமையிலிருந்து வந்தவனானால் அந்தச் சேரியே கண்டிச் சீமைக்குப் பெயர்ந்தது. பினாங்கிலிருந்து வந்தவனானால் பினாங்குக்குப் பெயர்ந்தது. பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் இரண்டு, ஒன்று ஹற்றனிலும் மற்றது கிள்ளானிலும் போய்க் குடியேறியதன் இரகசியம் இதுவே. நாட்டைத் தெரிவு செய்தது பெரும்பாலும், ஊரின் எல்லையில் யார் முதலில் வந்து நின்றான் என்ற தற்செயல்தான்.

ஆனால் தொழிலாளி கணக்கே பார்க்கவில்லை என்று சொல்வதும் தவறு. அவனை மந்தையாகக் காண்பது துரைமாரின் பார்வை. நமக்கு அது ஆகாது. அவன் பார்க்கக்கூடிய கணக்கை நாமும் பார்ப்போம். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கிய தோட்டப் பகுதிகளில் நாட்கூலி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். இலங்கையில் 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். சதத்தைச் சதத்தோடு ஒப்பிட்டால் இலங்கையே மேல். ஆனால் மலாயாவின் சதம் வெள்ளியின் சதம். இலங்கையின் சதம் ரூபாவின் சதம். வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ்; ரூபா 1 ஷில்லிங் 6 பென்ஸ். அப்படியானால் மலாயாவில் ஒருநாட் கூலி 14 பென்ஸ். இலங்கையில் பத்துப் பென்ஸுக்கும் சற்றுக் குறைவு. சட்டத்தின் பார்வையிலும் மலாயா முன்னின்றது. 1910 இல் அங்கே இந்தியரின் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. முதலாளிமாரிடம் அறவிட்ட பணத்தைக்கொண்டு 1907 இல் அமைத்த குடியேற்ற நிதி கப்பற் கட்டணத்தைச் செலுத்தியதால், கரையிறங்கியவன் அந்தக் கடனைச் சுமக்கவேண்டியதில்லை. ஒருமாத அறிவித்தல் கொடுத்து வேலையை விடலாம்.

அவ்வாறிருந்தும் இலங்கைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தனர். ஏன்? தூரம் ஒரு காரணம். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான புகையிரத - கப்பற் பாதை திறக்கப்பட்டபின் ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையிலுள்ள கடல் சில மணிநேரக் கடல் ஆகிவிட்டது. அதற்கு முன்னர் கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே கால்நடையாக வந்து, வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியோரத்தில் மாண்டவர்களின் தொகையை எவரும் ஒழுங்காகக் கணக்கிடவில்லை. இரண்டாவது, தேயிலை குடும்பத்தோடு செய்யும் வேலை. கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் பேர் விழும். மலாயாவின் பால்மரக் காடுகளில் ஆரம்ப காலத்தில் மலேரியா மலிந்திருந்தது. குடும்பத்தைக் கூட்டிச் செல்ல மனம் அஞ்சியவர் பலர்.

மூன்றாவது காரணம் கடன். இலங்கையில் கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் தலைமேல் ஏறியது. வழிச்செலவு, கம்பளி, அரிசி, ஊரில் தீர்த்துவைத்த பழைய பற்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டவனைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தை 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் நீதவானுக்கு வழங்கியது. 'துண்டு' முறை இதைவிட நுட்பமானது. இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். கங்காணி அந்தச் சீட்டோடு வேறு தோட்டத்துக்குப் போவான். அங்குள்ள துரை அத் தொகையோடு மேலும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்துக் கூட்டத்தை வாங்குவார். தோட்டம் மாறும்தோறும் கடன் வளர்ந்தது. வளர்ந்த கடன் கங்காணியின் கையில் மூலதனமாக நின்றது. 1921 இல்தான் இம் முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. ஊரில் மிராசுதாரிடம் பட்ட கடனுக்கு அஞ்சி ஓடியவன், கண்டிச் சீமையில் அதே கடனைப் புதிய பெயரில் சந்தித்தான். இதைச் சுயேச்சை என்று எழுதிய பேனா யாருடைய பேனா என்று நாம் கேட்கவேண்டாமா?

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தாராகிய நம்மவரையும் நோக்குதல் நேர்மையாகும். உண்மையிலேயே நாட்டைத் தெரிவு செய்தவன் ஒருவன் இருந்தான்; அவன் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண வாலிபன். வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினரியில் தொடங்கி, குடாநாடெங்கும் பரவிய ஆங்கிலப் பாடசாலைகள், தீவில் உள்ள உத்தியோகங்களைவிட அதிகமான எழுதுவினைஞரை உற்பத்தி செய்தன. மலாயாவில் புகையிரதப் பகுதி, நில அளவைப் பகுதி, தபால், வைத்தியம் யாவும் விரிந்துகொண்டிருந்தன. கோலாலம்பூரிலோ சிரம்பானிலோ உள்ள சிறிய தகப்பனார் கடிதம் எழுதுவார். சம்பளம் எவ்வளவு, ஓய்வூதியம் உண்டா, வெற்றிடம் எந்தப் பகுதியில் என்பதெல்லாம் அதில் இருக்கும். கொழும்பா மலாயாவா என்று வீட்டுத் திண்ணையில் இருந்து ஆலோசிக்க அவனுக்கு நேரமும் இருந்தது, தகவலும் இருந்தது. மலாயன் பென்சனியர் கட்டிய கல்வீடுகள் இன்றும் எங்கள் கிராமங்களில் உண்டு. ஆனால் எங்கள் சமூகத்தில் எந்தச் சாதியினரின் பிள்ளைகள் அந்த ஆங்கிலப் பாடசாலையின் வாங்கில் அமர முடிந்தது என்ற கேள்வியைச் சேர்த்துக் கேட்டால், தெரிவு செய்யும் பாக்கியம் யாழ்ப்பாணத்திலும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை என்பது தெளிவாகும்.

மலாயாத் தோட்டங்களில் இவ்விரு தமிழரும் சந்தித்தனர். விடியற்காலைப் பெரட்டில் பேரேட்டை விரித்துப் பெயர் கூப்பிடும் கிராணி பல தோட்டங்களில் யாழ்ப்பாணத்தான். 'ஐயா' என்று பதில் சொல்பவன் திருச்சி மாவட்டத்தான். மொழி ஒன்று, தெய்வம் ஒன்று, வந்த நாடும் ஒன்று. இருவருக்கும் இடையில் மொழியாலும் தெய்வத்தாலும் கடக்க இயலாத தூரம் இருந்தது. இனம் என்ற ஒன்றைமட்டும் வைத்து நம் வரலாற்றை விளக்க முயல்வோர் இக் காட்சியைச் சற்று நின்று பார்க்கவேண்டும்.

எனினும் கற்றவனாலும் கல்லாதவனாலும் ஒரே அளவாகக் கணிக்க முடியாத ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எந்த அரசு குடியுரிமை தரும் என்பது எந்தக் கங்காணியின் வாயிலும் வரவில்லை. பேரரசு ஒன்றாயிருந்தபோது அக் கேள்வியே எழவில்லை. 1930இன் பொருளாதார மந்தத்தில் இறப்பர் விலை வீழ்ந்ததும், மலாயாவிலிருந்து ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பப்பட்டனர். இந்திய அரசாங்கம் 1938 இல் மலாயாவுக்கும் 1939 இல் இலங்கைக்கும் கூலியாட்கள் செல்வதைத் தடை செய்தது. 1942 இல் யப்பானியர் பர்மாவுக்குள் நுழைய, சுமார் 5 இலட்சம் இந்தியர் தரை வழியாக வெளியேறினர். காட்டிலும் மலையிலும் பல்லாயிரவர் மாண்டனர். வெள்ளையருக்கு ஒரு வழி, மற்றோருக்கு ஒரு வழி என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் சயாம் - பர்மாப் புகையிரதப் பாதையில் எலும்பாயினர். ரங்கூனைத் தெரிந்தவனும் பினாங்கைத் தெரிந்தவனும் வெவ்வேறு முனைகளிலிருந்து ஒரே காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இலங்கையில் அழிவு வேறு உருவில் வந்தது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளை அனுப்பிய மலைநாட்டு மக்களை 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. இச் சட்டத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்திற் பேசியவர்களுள் ஒருவரான செல்வநாயகம் 1898 இல் மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்தவர் என்பதை இங்கே குறிப்பிடலாம். வெளிநாட்டிற் பிறந்த அவருக்கு இலங்கையிற் குடியுரிமை இருந்தது. ஹற்றனிற் பிறந்து ஹற்றனில் வளர்ந்த தொழிலாளிக்கு இல்லை. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கூறு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம். எந்த நாடு வேண்டும் என விண்ணப்பப் படிவம் கேட்டது. முன்னோரிடம் எவரும் கேட்காத கேள்வியைப் பேரனிடம் அரசாங்கம் கேட்டது. ஆயினும் எத்தனை பேர் எங்கே என்பதை இரு பிரதமர்களும் முன்னரே எழுதி முடித்திருந்தனர்.

இந்தியா எனக் குறிக்கப்பட்டோர் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அவர்களை முதலில் ஏற்றுக்கொண்ட இடங்களுள் ஒன்று மண்டபம் முகாம். இலங்கைக்குப் புறப்பட்ட கூலிகளைத் தடுத்துவைத்து, மருத்துவச் சோதனை செய்து, இலக்கமிட்டு அனுப்புவதற்காக இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் அமைத்த முகாம் அது. பாட்டனார் தங்கிய அம் முகாமில் பேரன் வந்து தங்கினான். தொழிற் கடனா, நூற்பாலையா, நீலகிரித் தேயிலையா என்பது குடும்ப அட்டையிற் குறிக்கப்பட்டிருந்தது. நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர்கள் மீண்டும் கொழுந்து கிள்ளினர். அயலவர் அவர்களைச் 'சிலோன்காரர்' என அழைத்தனர். வேறு சிலர் கொடைக்கானல் மலைகளில் மரம் வெட்டச் சென்றனர். அங்கே அவர்களுக்கு முற்பணம் கொடுப்பதற்கு ஒருவன் காத்திருந்தான்.