பிராவோவும் பிஸ்ஸும்

இத்தாலிய ஆபரா அரங்கில் கைதட்டலோடு சேர்ந்து இரண்டு கூச்சல்கள் எழும். ‘பிராவோ’ என்பது பாடியவருக்குப் பாராட்டு. ‘பிஸ்’ என்பது மறுபடி பாடு என்ற கோரிக்கை. நம் நாடகக் கொட்டகையின் ‘ஒன்ஸ்மோர்’.

பிறப்பைப் பார்த்தால் பிராவோதான் பொல்லாதது. காட்டுமிராண்டியைக் குறித்த ‘பார்பருஸ்’ என்ற லத்தீன் சொல்லே மூலம் என்பார் பலர். கோணல்புத்திக்காரனைக் குறிக்கும் ‘பிராவுஸ்’ என்பார் சிலர். எதுவானாலும் நல்ல குடும்பமில்லை! 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வட இத்தாலியில் பிராவோ என்றால் பிரபுக்கள் கூலிக்கு வைத்திருந்த அடியாள். மான்சோனியின் ‘இ புரொமெஸ்ஸி ஸ்போசி’ நாவலின் தொடக்கத்தில், 1628 நவம்பர் மாலையொன்றில், ஒரு கல்யாணத்தை நடத்திவைக்கக் கூடாதென்று பாதிரியாரை வழிமறித்து மிரட்டுபவர்கள் இவர்களே. மிலான் ஆளுநர்கள் இவர்களை ஒடுக்க ஆணைமேல் ஆணை பிறப்பித்தார்கள். எதுவும் பலிக்கவில்லை என்பதற்கு அடுத்தடுத்த ஆணைகளே சாட்சி. முரட்டுத் துணிச்சலைச் சொன்ன சொல் மெல்லத் திறமையைச் சொல்லத் தொடங்கி மேடையேறியது. ஆளுக்கேற்ப உருவும் மாறும்: பாடகி என்றால் பிராவா, பலர் என்றால் பிராவி, எல்லாரும் பெண்கள் என்றால் பிராவே.

பிஸ்ஸுக்கு இந்த வில்லங்கம் இல்லை. லத்தீனில் ‘இருமுறை’, அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்களும் அதையே கத்துகிறார்கள். வேடிக்கை, ஆங்கிலேயர் கத்தும் ‘ஆங்கோர்’தான் பிரெஞ்சுச் சொல்.

ஆனால் அரங்கில் வம்பை இழுத்ததெல்லாம் இந்தச் சாது. பிராவோவால் யாருக்கும் செலவில்லை; பிஸ் பாடுபவரின் தொண்டையையும் கதையின் ஓட்டத்தையும் கேட்கிறது. 1786 மே மாதம் வியன்னாவில் மொசார்ட்டின் ‘ஃபிகரோவின் திருமணம்’ மூன்றாம் முறை மேடையேறியபோது ஏழு பாடல்கள் திரும்பப் பாடப்பட்டன. ஒருவருக்கு மேற்பட்டோர் பாடும் எதையும் இனித் திரும்பப் பாடக் கூடாதென்று பேரரசர் இரண்டாம் ஜோசப் உத்தரவிட்டார். அவர் தம்பி லியோபோல்டு நேரெதிர்: 1792இல் சிமரோசாவின் ‘ரகசியத் திருமணம்’ பிடித்துப்போய், கலைஞர்களுக்கு விருந்து வைத்து அன்றிரவே முழு ஆபராவையும் மறுபடி நடத்தச் சொன்னாராம். மிலானின் லா ஸ்காலாவிலோ, 1903இல் ரசிகர்கள் பிஸ் கேட்டு அடங்காததால் இசை நடத்துநர் டோஸ்கனினி கோபித்துக்கொண்டு பாதியில் வெளியேறினார்.

அந்த அரங்கில் பிஸ்ஸுக்குப் பல பத்தாண்டுகள் நீடித்த தடையை 2007இல் பெருநாட்டுப் பாடகர் ஹுவான் டியகோ ஃப்ளோரஸ் உடைத்தார். அவர் பாடிய டொனிசெட்டியின் பாடலில் ஒன்பது உச்ச ‘சி’ சுரங்கள். அன்றிரவு அவர் பதினெட்டு பாட வேண்டியிருந்தது.