கவுன்சலிங் படிக்க ஒரு விண்ணப்பம், கூடவே கொஞ்சம் வரலாறு

"கவுன்சலிங் படிக்க அப்ளை பண்றேன்" என்று பாலவாக்கத்தில் எங்கள் தெருவில் சொன்னால், அடுத்த கேள்வி "பையனுக்கா, பொண்ணுக்கா? கட்-ஆஃப் எவ்வளவு?" தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் இன்ஜினியரிங் சீட்தான். எனக்கு வயது நாற்பத்தைந்து. படித்தது பி.காம். எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று விளக்குவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

யோசித்தால், தெருக்காரர்கள் சொல்வது ஒன்றும் பெரிய தப்பில்லை. இந்தத் தொழில் பிறந்ததே "என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம்" என்ற கேள்வியில்தான். 1908ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்ல ஒரு அலுவலகம் திறந்தார். இன்றைய கவுன்சலிங்கின் மூலம் அது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. மனக்கஷ்டத்தைக் கேட்கும் வேலையோடு இந்தச் சொல்லை அழுத்தமாக இணைத்தவர் கார்ல் ரோஜர்ஸ். அவருடைய முக்கியமான நூல் 1942ல் வந்தது. மனநல சிகிச்சை மருத்துவர்களின் உரிமை என்று அப்போது அங்கே கருதப்பட்டது. மருத்துவர் அல்லாத உளவியலாளர்கள் உள்ளே நுழைய "கவுன்சலிங்" என்ற சொல் ஒரு பக்கவாட்டுக் கதவாக உதவியது. அதாவது "நீ யார், உனக்கு என்ன தகுதி?" என்ற கேள்வி இந்தச் சொல்லோடு ஒட்டிப் பிறந்தது.

நம்ம ஊர்க் கதை வேறு மாதிரி. மெட்ராஸில் 1794லேயே கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மருத்துவர் வாலண்டைன் கொனோலி, புரசைவாக்கத்தில் மனநோயாளிகளுக்கான விடுதி ஒன்றைத் தொடங்கினார். 1871ல் மருத்துவமனை கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. அன்றிலிருந்து ஒரு ஊர்ப் பெயரே கேலிச்சொல் ஆகிவிட்டது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று நாமும் சின்ன வயதில் யாரையாவது சொல்லியிருப்போம். அந்தக் கேலிக்குப் பயந்தே எத்தனை பேர் வாய் திறக்காமல் இருந்தார்களோ!

படிப்பு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. கல்கத்தாவில் உளவியல் துறை 1916ல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943ல். ஆரம்ப காலத்தில் அதை வளர்த்தவர் ஜி.டி. போவாஸ். 1952ல் மேரி கிளப்வாலா ஜாதவ் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார். எழும்பூரில் இருக்கும் அந்தக் கல்லூரியில் இன்று கவுன்சலிங் சைக்காலஜி முதுகலையும் உண்டு.

ஆனால் கேட்கும் காதுகள் பெருகியது வகுப்பறைக்கு வெளியேதான். கணவரைக் குடிப்பழக்கத்துக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980ல் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் அதன் மருத்துவமனை இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் பல ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984ல் 'ஸ்கார்ஃப்' தொடங்கினார். 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தற்கொலைத் தடுப்புக்காக 'ஸ்நேகா'வைத் தொடங்கினார். ஸ்நேகாவில் பேசுபவர்கள் தன்னார்வலர்கள். அங்கே பட்டம் கேட்பதில்லை, பயிற்சி கொடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் என் கதையும் கொஞ்சம் வருகிறது. 2004 டிசம்பர் 26, சுனாமி. எங்கள் குப்பத்துப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் தம்பி பட்டினப்பாக்கத்தில் இறந்துபோனான். நாலாம் நாள் பார்க்கப் போனேன். அவங்க பேச ஆரம்பிச்சாங்க. எனக்குத் தாங்கலை. "எல்லாம் சரியாயிடும்க்கா, மனசைத் தேத்திக்குங்க"ன்னு சொல்லிட்டேன். டக்குன்னு நிறுத்திட்டாங்க. அப்புறம் அந்தப் பேச்சை என்கிட்டே எடுக்கவே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆய்வுக் கட்டுரை கண்ணில் பட்டது. சுனாமியில் உறவுகளை இழந்த சென்னைக் கடற்கரைக் குடும்பங்களிடம் ஸ்நேகா தன்னார்வலர்கள் தொடர்ந்து போய்ப் பேசியதைப் பற்றியது, 2008ல் வெளியானது. அந்தக் குடும்பங்களுக்குப் பலன் இருந்தது என்பதே முடிவு. படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு முறை போய் ஆறுதல் சொன்னேன். அவர்கள் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்கள். என்னிடம் இல்லாதது நல்ல மனசு இல்லை, பழக்கம்.

அப்படியானால் பட்டம் எதற்கு, தன்னார்வலராகவே போகலாமே? நியாயமான கேள்வி. இதையே தொழிலாகச் செய்ய நினைப்பவருக்குச் சட்டம் குறுக்கே வருகிறது. 1992 மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின்படி மருத்துவ உளவியலாளர் பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் "கவுன்சிலர்" என்ற பலகைக்கு நெடுங்காலம் அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. வார இறுதிச் சான்றிதழை மாட்டிக்கொண்டு கடை விரித்தவர்களும் உண்டு. 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் மற்ற உளவியலாளர்களையும் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது.

என்னைப் போல வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படிக்கலாம் என்றிருந்தவர்களுக்கு இது பெரிய அடி. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அந்த அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து பேச, அருகில் ஒரு ஆசிரியர் என் தவறைப் பிடிக்க, இப்படித்தான் இதைக் கற்க முடியும். தபாலில் வரும் புத்தகம் அந்த இடத்தில் "வாயை மூடு" என்று சொல்லாது. அதே சமயம், பகல்நேர வகுப்புக்கு வேலையை விட முடியாதவர்களுக்கு ஒரு மாலை வகுப்பாவது இந்த ஊரில் வேண்டும். தடை போடுவது சுலபம், மாற்று வழி செய்வதுதான் பாக்கி.

நீங்களும் விண்ணப்பிப்பதாக இருந்தால், கட்டணத்துக்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். இளங்கலையில் உளவியல் கட்டாயமா? நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை? படித்து முடித்தபின் எந்தப் பதிவுக்குத் தகுதி கிடைக்கும்? மூன்றாவதற்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் யோசியுங்கள்.

விண்ணப்பத்தில் "ஏன் இந்தப் படிப்பு?" என்று ஒரு கட்டம். முதலில் "சேவை மனப்பான்மை" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, "ஒருவர் பேசும்போது குறுக்கே பேசிவிட்டேன், அதைத் திருத்திக்கொள்ள" என்று எழுதியிருக்கிறேன். சீட் கிடைத்ததா என்று அப்புறம் சொல்கிறேன்.