பெருங்குடல் புற்றுநோயில் புரதமாகாத ஆர்.என்.ஏ.க்கள்: ஓசூர் சாலையிலிருந்து சில கேள்விகள்

1. களம்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி நோயாளிகள் பலர் அத்திபெலேயில் மாநில எல்லையைக் கடந்துதான் பெங்களூரு ஓசூர் சாலையில் பொம்மசந்திராவிலுள்ள நாராயணா ஹெல்த் சிட்டிக்கோ, இன்னும் உள்ளே கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனத்துக்கோ போகிறார்கள். கித்வாயில் 1982 முதல் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு நடக்கிறது. மேலைநாடுகளைவிட இந்தியாவில் பெருங்குடல் புற்றுநோய் குறைவு. ஆனால் இங்கே வரும் நோயாளிகளில் இளவயதினரின் பங்கு அதிகம். மலக்குடல் கட்டிகளும், முத்திரைமோதிர வடிவச் செல்கள் கொண்ட முரட்டு வகையும் கூடுதலாகத் தென்படுகின்றன. வேறு நாட்டு நோயாளிகளிடம் கண்டறிந்த, புரதமாகாத ஆர்.என்.ஏ. போன்ற மூலக்கூறு அடையாளங்களை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது என்பதே என் வாதம்.

2. இயக்கம்

மனித மரபணுத்தொகுதியில் புரதத்துக்கான குறியீடு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதியிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.க்களில் சில, எந்த மரபணு எவ்வளவு பேச வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 1993இல் ஒரு புழுவில் கண்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் சிறுவகைக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

எம்ஐஆர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. கட்டிகளில் பெருகி, பிடென், பிடிசிடி4 என்னும் புற்றைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களை அடக்குகிறது. சிசிஏடி2 என்ற நீள்வகை ஆர்.என்.ஏ., எட்டாம் குரோமோசோமின் 8கியூ24 பகுதியில் பிறந்து, புற்றை வளர்க்கும் மைக் மரபணுவைத் தூண்டுவதாக 2013இல் காட்டப்பட்டது. வட்டவகை ஆர்.என்.ஏ.வான சிடிஆர்1ஏஎஸ், எம்ஐஆர்-7ஐப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது எம்ஐஆர்-143, 145 கதை. இவை கட்டியில் குறைகின்றன என்று 2003இல் அறிவிக்கப்பட்டதும், புற்றைத் தடுப்பவை என்று எல்லோரும் நம்பினோம். 2014இல் வெளிவந்த ஆய்வு, இவை குடலின் மேற்படலச் செல்களில் அல்ல, அவற்றைச் சூழ்ந்த தசை, இணைப்புத்திசுச் செல்களில்தான் உருவாகின்றன என்று காட்டியது. திசு முழுவதையும் அரைத்து அளந்தால், புற்றுச்செல் பெருகி மற்றவை சுருங்கியதே குறைவாகத் தெரியக்கூடும். எந்தச் செல்லிலிருந்து வந்தது என்று கேட்காத அளவீடு வழிதவறச் செய்யும்.

3. ரத்தப் பரிசோதனை

2009இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் பெருங்குடல் புற்றுநோயாளிகளின் ரத்தப் பிளாஸ்மாவில் எம்ஐஆர்-92ஏ உயர்வதைக் காட்டினர். ஆனால் அது சிவப்பணுக்களிலும் நிறைய இருக்கிறது. சின்ன மருத்துவமனையில் எடுத்த ரத்தம் வெயிலில், நெரிசலில் நெடுநேரம் பயணித்து ஆய்வகம் சேருவதற்குள் சிவப்பணு உடைந்தால், நோயில்லாதவருக்கும் எண்ணிக்கை ஏறும். ஒப்பீட்டுக்கு வைக்கும் எம்ஐஆர்-16உம் சிவப்பணுவில் மிகுதி என்பதால் ஒப்பீட்டுக் கணக்கும் பிசகும். ரத்தம் எடுத்த நேரம், பிளாஸ்மா பிரித்த நேரம், சிவப்பணு உடைந்த அளவு மூன்றும் இல்லாத ஆய்வு முடிவை நான் ஏற்கமாட்டேன்.

4. மருந்து

இவற்றை மருந்தாக்குவதிலும் அவசரம் கூடாது: எம்ஐஆர்-34ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் செயற்கை நகலான எம்ஆர்எக்ஸ்34, புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, கடும் நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது.

5. இப்போதைக்கு

நம் மருத்துவமனைகளில் சேமித்துள்ள திசுக்கட்டைகளை வயது, கட்டியின் இடம், செல்வகை வாரியாகப் பிரித்து, இந்த ஆர்.என்.ஏ.க்களைச் செல்லின் இடத்திலேயே பார்க்க வேண்டும். அதுவரை இந்த ஆர்.என்.ஏ. சோதனைகள் கொலனோஸ்கோபிக்கு மாற்றாகா. முப்பது வயதுக்காரருக்கு மலத்தில் தொடர்ந்து ரத்தம் போனால், மூலம் என்று மருந்து கொடுத்து அனுப்பாமல் குடலை உள்ளே பார்த்துவிட வேண்டும்.