சலமாண்டர் இல்லாத பேராக்கும் கைட்ரிட் பூஞ்சையும்

தீபகற்ப மலேசியாவின் காடுகளில் தவளை, தேரை, சிசிலியன் ஆகியவை உண்டு, சலமாண்டர் இல்லை. ஆகவே சலமாண்டர்களைக் கொல்லும் பூஞ்சை ஐரோப்பாவின் கவலை, ஈப்போ நகரப் புந்தோங்கின் கவலையன்று என்று கருத இடமிருக்கிறது. இக்கட்டுரை அக்கருத்தை மறுக்கிறது. சாவு நேர்வது ஐரோப்பாவில்; நோய் புறப்பட்டது ஆசியாவில். எனவே தடுப்புப் பொறுப்பில் முதற்பங்கு விலங்குகள் கைமாறும் ஆசிய நாடுகளுக்கே உரியது.

நெதர்லாந்தின் தென்கோடியில் தீச்சலமாண்டர்களின் எண்ணிக்கை 2010-க்குப் பின் சில ஆண்டுகளிலேயே 4 விழுக்காடாகச் சரிந்தது. தோலை அரித்துப் புண்ணாக்கும் அப்பூஞ்சைக்கு ஆன் மார்ட்டெல் குழுவினர் 2013-இல் பட்ராக்கோகைட்ரியம் சலமாண்ட்ரிவோரன்ஸ் என்று பெயரிட்டனர். தாய்லாந்து, வியட்நாம், ஜப்பான் நாட்டுச் சலமாண்டர்களில் அது இருப்பதையும், ஆசிய இனங்கள் சில நோயுறாமல் அதைத் தாங்குவதையும் 2014-இல் காட்டினர். செல்லப்பிராணி வணிகமே அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற வழி என்பது அவர்கள் முடிவு. தவளைகளைத் தாக்கும் உடன்பிறப்புப் பூஞ்சையான டெண்ட்ரோபாட்டிடிஸின் மூலமும் கிழக்காசியாவே என்று 2018-இல் வெளிவந்த மரபணு ஆய்வு சுட்டியது. இப்பூஞ்சைகள் உண்டாக்கும் கைட்ரிட் நோயால் 501 இருவாழ்வி இனங்கள் குறைந்தன, அவற்றுள் 90 அழிந்திருக்கலாம் என்பது 2019-ஆம் ஆண்டின் மதிப்பீடு.

தீபகற்ப மலேசியாவில் நான்கு தவளைக் குடும்பங்களில் டெண்ட்ரோபாட்டிடிஸ் இருப்பது 2011-இல் முதன்முறையாகப் பதிவானது. நெடுங்காலப் பழக்கத்தால் நம் தவளைகள் அதைத் தாங்குகின்றன என்றும், ஈப்போவின் வெயிலே காவல் என்றும் வாதிடலாம். இரண்டாவது வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு: 17 முதல் 25 பாகை செல்சியசில் செழிக்கும் அப்பூஞ்சை, 30-ஐ நெருங்கும்போது தளர்கிறது. ஆனால் கிந்தா சமவெளிக்குப் பொருந்துவது, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலைக்குப் பொருந்தாது. முதல் வாதமும் உள்ளூர் மரபுவழிக்கே செல்லும். வெளியிலிருந்து பூஞ்சையின் புதிய மரபுவழி வந்து கலந்தால் பழைய தாங்குதிறன் போதாமல் போகலாம்.

அப்படி வருவதற்கு வாகனமும் ஆயத்தமாக இருக்கிறது. இறைச்சிக்காக மலேசியப் பண்ணைகளில் வளர்க்கப்படும் அமெரிக்க இனமான புல்ஃபிராக், பூஞ்சையைச் சுமந்தும் பெரும்பாலும் நோயுறுவதில்லை. இப்பூஞ்சையின் வித்துகள் நீரில் நீந்துபவை. பண்ணைக் கழிவுநீர் ஓடையில் கலந்தாலோ, வளர்த்துச் சலித்த விலங்கைப் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் விட்டாலோ, நோய்க்குப் பாதை திறந்துவிடும்.

அமெரிக்கா 2016-இல் 20 சலமாண்டர் பேரினங்களின் இறக்குமதியைத் தடுத்தது; ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தனிமைப்படுத்தலையும் சோதனையையும் கட்டாயமாக்கியது. இவை வாங்குவோர் வாசலில் போட்ட தாழ்கள். விற்கும் பக்கத்திலும் தாழ் வேண்டும்: இருவாழ்விகளை ஏற்றுமுன்னும் இறக்கியபின்னும் தோலைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து மரபணுச் சோதனை செய்தல், பண்ணைக் கழிவுநீரைக் கிருமிநீக்கி வெளியேற்றுதல், ஓடைக்கு ஓடை செல்லும் ஆய்வாளர் காலணியையும் வலையையும் தூய்மைப்படுத்துதல். காட்டில் பரவிய பூஞ்சையை முற்றாக அகற்றுவது மிக அரிது. ஆகவே இச்செலவை நோய் வந்தபின் பார்க்கலாம் என்று ஒத்திவைப்பதற்கு அறிவியல் இடந்தரவில்லை.