தூளால் ஆன கவசம்

இரும்பின் பெரும்பகை துரு. அதைத் தடுக்க மனிதர் நெடுங்காலம் திரவ வர்ணங்களையே நாடினர். வர்ணத்தை இளக்கச் சேர்க்கும் கரைப்பானோ ஆவியாகிக் காற்றிற் கலந்து, சுவாசிப்போரின் உடல்நலத்தைக் கெடுத்தது.

இதற்கு மாற்றுவழி கண்டவர் ஜேர்மனியரான எர்வின் கெம்மர். 1950களின் தொடக்கத்தில் அவர், தொட்டியிலிட்ட பிளாஸ்டிக் தூளினூடே கீழிருந்து காற்றைச் செலுத்தினார். தூள் நீர்போல் அசைந்தது. சுடவைத்த உலோகத்தை அதில் அமிழ்த்தவே, தூள் உருகி ஒட்டிக்கொண்டது. ஆயினும் அப்பூச்சு தடித்தே அமைந்தது.

1960களில் நிலைமின் முறை வந்தது. மின்னேற்றம் பெற்ற தூள், புவியுடன் இணைக்கப்பட்ட குளிர்ந்த உலோகத்தைத் தானே நாடிப் படிந்தது. பின்னர் போறணையில், ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகி, மெல்லிய உறையாக இறுகியது.

பின்னாளில் சிறிய தெளிகருவிகள் விற்பனைக்கு வரவே, தொழிற்சாலைக்குரிய இக்கலை இல்லத்துப் பட்டறையிலும் புகுந்தது. சைக்கிளின் சிறு உறுப்புகளுக்கு வீட்டிலேயே பூச்சிடலாயினர். கரைப்பானின் தீங்கு நீங்கியது. எனினும் அபாயம் முற்றாக நீங்கவில்லை. காற்றிற் பரந்த தூள் தீப்பற்றக்கூடியது, மூச்சுக்கும் ஆகாதது. ஆகவே முகமூடியும் நல்ல காற்றோட்டமும் இன்றியமையாதன. தூள் சுட்ட போறணையில் மீண்டும் உணவு சமைத்தல் ஒருபோதும் தகாது.